பலகையில் நின்ற ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என் முகத்தில் காறித் துப்புவதைவிட அது மேல்.

போன செவ்வாய்க்கிழமை என்னிடம் இரண்டு பேர் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று தபாலில் வந்தது. மதுரையிலிருந்து ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் கார்டு போட்டிருந்தார். கடற்கரைச் சிறப்பிதழ் கொண்டுவருகிறாராம், தூத்துக்குடிப் பின்னணியில் ஒரு கதை வேண்டுமாம், முத்து, கடல், தோணி என்று மண்வாசனையோடு அமைந்தால் நலமாம். இரண்டாவது நேரில் வந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில், எங்கள் கம்பெனியில் முன்பு சுமை ஏற்றிய பர்னபாசும் அவர் மனைவி பிளாரன்சும் நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியது கதை அல்ல, ஒரு கடிதம். நான்கு வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில் நடந்த ஒரு விபத்தை நான் கண்ணால் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அது புதுத் துறைமுகத்தில் ஓர் ஏற்றுமதி ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

கடிதம் ஒரு பக்கம்கூட வராது. கதை பதினாலு தாள் வரும். நான் எதை முதலில் எழுத உட்கார்ந்தேன் என்பது இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கே தெரியும்.

என் பெயர் சங்கரபாண்டியன். ஊர் ஓட்டப்பிடாரம். ஓர் உப்புக் கம்பெனியில் கிளார்க். கம்பெனியின் பெயரை எழுத மாட்டேன், ஏனென்றால் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். என் கோழைத்தனம் எங்கே ஆரம்பிக்கிறது என்று நீங்கள் ரொம்பத் தேட வேண்டாம் என்றுதான் அதை முதல் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

2

அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

'முத்து விளையும் கடலின் கரையில், விடியலின் செம்மையில், பாய் விரித்த தோணிகள்—'

வேண்டாம். தூத்துக்குடிக்காரன் எதை எழுதினாலும் முத்தைக் கோத்துத்தான் எழுத வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. பர்னபாஸ் முத்தைப் பார்த்ததெல்லாம் நகைக்கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். அதையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

'பர்னபாஸ் ஏழை. ஆனாலும் நேர்மையான—'

இதை எழுதிய கையை நானே ஸ்கேலால் அடித்துக்கொள்ள வேண்டும். ஆனாலுமாம்!

'மேற்படி தேதியில் மேற்படி வாகனத்தை ஏற்றும்போது மேற்படி தொழிலாளி—'

இதுவும் என் எழுத்துதான். ஆனால் இன்று எழுதியது அல்ல. எழுபத்து நாலு அக்டோபரில், இங்கிலீஷில், கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். அதாவது இந்தக் கதையை நான் ஏற்கனவே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அச்சுப்பிழைகூடக் கிடையாது. மேலதிகாரி பாராட்டினார்.

நாலாவது தொடக்கம் சின்னது. பலகையைக் கட்டக் கூடாது.

இதுதான் சரி. இங்கிருந்து போகலாம்.

3

பலகையைக் கட்டக் கூடாது. தொழிலில் பர்னபாஸ் படித்த முதல் பாடம் அதுதான்.

பழைய துறைமுகத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஐந்தாறு மைல் தள்ளிக் கடலில் நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை வாங்கி வரும், கொண்டுபோய்க் கொடுக்கும். தோணிக்கும் கரை மேடைக்கும் நடுவில் ஒரு பலகை போட்டிருக்கும். அதன் மேல்தான் மூட்டை நடக்கும், பீப்பாய் உருளும். தோணி தண்ணீரில் சும்மா கிடக்காது, ஏறும், இறங்கும், விலகும், ஒட்டும். பலகையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் தோணி ஏறும்போது பலகை முறுக்கிக்கொண்டு ஆளை மூட்டையோடு தண்ணீருக்குள் தட்டிவிடும். அதனால் கட்ட மாட்டார்கள். கயிற்றுக்குப் பதிலாக ஒரு மனிதன் பலகையின் தலையில், அதாவது மேல் முனையில், ஏறி நிற்பான். வெறுங்கால்தான். பலகை நகரப்போவது உள்ளங்காலுக்கு முதலில் தெரிந்துவிடும். தெரிந்ததும் கனத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றுவான், பலகை அடங்கும்.

பர்னபாஸ் பன்னிரண்டு வருஷம் அப்படி நின்றார். அவர் நின்ற பலகையிலிருந்து ஒரு மூட்டைகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. சுமை தூக்குகிறவர்கள் பலகையில் கால் வைப்பதற்கு முன்னால் மேலே பார்ப்பார்கள். "பர்னபாசா நிக்கான்? அப்ப வாலே, கண்ண மூடிட்டு ஏறு" என்பார்கள். அந்தக் கரையில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய பெயர் கிடையாது. அவர் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்தான், எனக்குத் தெரியும். தனக்குப் பெருமை பிடிக்காது என்றெல்லாம் அவர் சொன்னதில்லை.

[இங்கே அவரைப் பாறை, தூண், கலங்கரை விளக்கம் என்று எதற்காவது ஒப்பிட்டு ஒரு வரி போடலாமென்று கை அரிக்கிறது. அவர் குள்ளமான மனிதர். மழைக்காலத்தில் இடுப்பு வலிக்கும். அது போதும்.]

எழுபத்து மூன்றில் எங்கள் கம்பெனியில் ஏற்றி இறக்குகிற வேலைக்கு நிரந்தர ஆள் எடுத்தார்கள். பிளாரன்ஸ் பிடித்த பிடியில் அவர் தோணி வேலையை விட்டு இங்கே சேர்ந்தார். தரையில் லாரிதான், அலை கிடையாது, இடுப்பு தப்பிக்கும் என்று அவள் கணக்குப் போட்டாள். தப்புக் கணக்கு என்று அவளைச் சொல்ல முடியாது.

4

மறு வருஷம் ஜப்பானிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே ஒரு வண்டி. மோட்டார் சைக்கிளில் சேர்த்தியா, டிராக்டரில் சேர்த்தியா என்று யாருக்கும் விளங்கவில்லை. சக்கரம் மூன்று, ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பி, காற்றுக் குறைவாகத் தொளதொளவென்று இருந்தது. மணலிலும் சகதியிலும் புதையாமல் ஓடுமாம். உப்பள வரப்புகளில் சூப்பர்வைசர்கள் செருப்புக் கழற்றாமல் சுற்றிவர வேண்டும் என்று ஹெட் ஆபீசில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நின்று கால் வெடித்துப்போகிறவர்களுக்கு ஒரு ரப்பர் செருப்பு வேண்டும் என்று அதே வருஷம் ஒரு மனு வந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சுங்கச் சோதனைக்குப் பெட்டியைத் திறந்தபோது வண்டியோடு வழவழப்பான ஒரு தாளும் இருந்தது. அதில் இங்கிலீஷில் நாலு வரி, நாலு படம். முதல் படத்தில் வண்டி ஏற்றுகிற வாகனம் சமதரையில் நிற்கிறது, பிரேக் போட்டிருக்கிறது. இரண்டாவதில் சாய்வுப் பலகையை வாகனத்தோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியிருக்கிறார்கள். சங்கிலியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். மூன்றாவதில் வண்டிக்குப் பின்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக் கூடாது என்று மனித உருவத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி. நாலாவதில் ஏற்றியபின் வண்டியை இறுக்கிக் கட்டியிருக்கிறது. இங்கிலீஷ் வேண்டாம், எழுத்தே வேண்டாம். கண் இருந்தால் போதும்.

தாளைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டேன், 'வெளிநாட்டுக் கடிதங்கள்' என்ற ஃபைலில் கோத்தேன், அலமாரியில் வைத்தேன். கிளார்க் அப்படித்தான் செய்வான். சாமானோடு வந்த தாள் ஃபைலுக்குப் போக வேண்டும் என்பது விதி. விதியை மீறாமல் ஒரு மனிதனின் கையைக் கெடுத்தேன்.

5

இனி நடந்தது. இதை ஒரே மூச்சில் சொல்கிறேன், நடுவில் புகுந்து பேச மாட்டேன்.

[பேசுவேன். என்னை எனக்குத் தெரியும்.]

சுங்கத்துறையின் சரக்குக் கிட்டங்கிக்கு வெளியே, காலை பதினோரு மணி. கம்பெனியின் பிக்கப் வேனைப் பின்பக்கக் கதவைத் திறந்து நிறுத்தியிருந்தார் டிரைவர் சொரிமுத்து. ஏரல் பக்கத்து வயக்காட்டுக்காரர், வாய் சும்மா இருக்காது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு எதுக்கு சார் பலகை? நாலு பேரு ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா அலாக்கா தூக்கி வச்சிரலாம். ஒரு உப்பு மூட்ட கனந்தான் இருக்கும்."

போக்குவரத்து அதிகாரி செல்வதுரை சிரித்தார். அன்றைக்கு அவர் வெள்ளைப் பேண்ட்டும் தொப்பியும் போட்டு வந்திருந்தார். "தூக்கிட்டுப் போக அதென்ன பொணமா? ஓட்டிதான்யா ஏத்தணும். போட்டோ ஹெட் ஆபீசுக்குப் போகுது."

போட்டோவுக்காக ஸ்டூடியோக்காரர் ஜீவமணி முக்காலி விரித்துக் காமிராவோடு தயாராக நின்றார். நான் டெலிவரித் தாளில் கையெழுத்து வாங்க ஃபைலோடு நின்றேன். ஆமாம், அதே ஃபைல். சங்கிலிப் படம் என் கக்கத்தில்தான் இருந்தது.

பர்னபாஸ் பீப்பாய் உருட்டுகிற அகலப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையை வேனின் விளிம்பிலும் வைத்தார். காலால் தட்டிப் பார்த்தார். வேனுக்குள் ஒரு கயிற்றுச் சுருள் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. வேனுக்குள் ஏறி, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பலகையின் தலையில் ஓரமாக இரண்டு பாதத்தையும் ஊன்றி நின்றார். பன்னிரண்டு வருஷம் நின்ற மாதிரியேதான்.

"மெதுவா ஏத்துங்க சார். நான் மிதிச்சு நிக்கேன்."

செல்வதுரை வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். ஜீவமணி காமிராவுக்குள் தலையை விட்டு, உடனே வெளியே எடுத்தார்.

"சார், மேல நிக்க ஆளு படத்துல வாரான். கைலியும் கிழிஞ்ச பனியனுமா... நல்லாருக்காது."

செல்வதுரை நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, நீ எறங்கு. படத்துல விழுத."

"நான் எறங்குனா பலகை நிக்காது சார்."

"அதெல்லாம் நிக்கும். எறங்கு."

"இல்ல சார், வண்டி ஏறட்டும், பொறவு—"

"எறங்குன்னா எறங்கணும். எனக்கே பாடம் எடுக்கியா?"

பர்னபாஸ் இறங்கினார். இறங்கி எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை. வேனின் வலது ஓரத்தில், படத்துக்கு வெளியே ஒட்டி நின்றார். கண் பலகையின் மேலேயே இருந்தது. நான் ஆறடி தூரத்தில் நின்றேன். பேச்சு முழுதும் என் காதில் விழுந்தது.

செல்வதுரை முறுக்கினார். முன் சக்கரம் பலகையில் ஏறியது, பின்னாலேயே பின்சக்கரங்களும் ஏறின. இழுவை பின்சக்கரத்தில்தான். அது வண்டியை மேலே தள்ளுகிற அதே வேகத்தில் காலடியில் கிடக்கிற பலகையைப் பின்பக்கம் தள்ளும். பலகை விளிம்பைவிட்டு நழுவ ஆரம்பித்தது. ஜீவமணி அமுக்கினார், காமிரா டிக்கென்றது. அதே நொடியில் பர்னபாஸ் கையை நீட்டிப் பலகையின் தலையைப் பிடித்தார்.

யோசித்துப் பிடிக்கவில்லை. பலகை நகர்ந்தால் அவர் உடம்பு தானாக அங்கே போகும். பலகை விழுந்தது, வண்டி விழுந்தது, செல்வதுரை குதித்துவிட்டார். பேண்ட் முழங்காலில் கிழிந்தது. வண்டி கவிழ்ந்து மூன்று சக்கரமும் காற்றில் சுற்றிக்கொண்டு கிடந்தது. பலகைக்கும் வேனின் இரும்புக்கும் நடுவில் பர்னபாசின் வலது கை. மூன்று விரல் போயிற்று.

அவர் கத்தவில்லை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். கத்தினார். மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினார். கிட்டங்கிக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

6

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். கயிறு கிடந்ததே, ஏன் கட்டவில்லை?

கதாசிரியனாக இதை மறைக்க எனக்கு வசதி இருக்கிறது. கயிறே இல்லை என்று எழுதிவிடலாம். கதை சுத்தமாகிவிடும், அயோக்கியன் ஒருவன், அப்பாவி ஒருவன் என்று. ஒரு தடவை ஒரு பொய் வரியை அடித்த கை இது, இன்னொரு தடவை செய்யச் சொன்னால் கூச்சப்படாது. அதனால்தான் செவ்வாய்க்கிழமை நேரில் கேட்டேன்.

பர்னபாஸ் மிச்சமிருக்கிற இரண்டு விரலால் முழங்காலைத் தேய்த்தார்.

"கட்டணும்னு தோணவே இல்ல சார். பலகையக் கட்டுதவன் பலகை ஆளே இல்லன்னு வளந்தவன் நான். தண்ணி அசையும், தரை அசையாதுல்லா, பொறவு என்ன பயம்னு நெனச்சேன். சக்கரமே பலகையப் பின்னால தள்ளும்னு எனக்கு எவன் சொன்னான்? அது என் தப்புதான். அதை எழுதுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா நானா எறங்கல சார். அறிக்கையில எழுதியிருக்கது, அது ஒண்ணு மட்டும் பொய்."

தன் தப்பை இப்படி எடுத்துக் கையில் கொடுக்கிற மனிதரை நான் இதுவரை எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை.

7

விபத்து நடந்த மூன்றாம் நாள் அறிக்கை. செல்வதுரை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். வண்டி பழுது, வேனின் கதவு நசுங்கல், நேரம், தேதி, எல்லாம் சரியாக இருந்தது. கடைசிக்கு முந்தின வரியில் அவர் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். பிறகு சொன்னார், நான் அடித்தேன்:

'பலகையின் மேல் நிற்க வேண்டிய மேற்படி பர்னபாஸ், எவரும் சொல்லாமலே தன் இடத்தைவிட்டு இறங்கிச் சென்றதே விபத்துக்குக் காரணம். ஆதாரமாகப் புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.'

என்ன துணிச்சல் என்று பாருங்கள்! படத்தில் விழாதே என்று சொல்லி இறக்கிவிட்டு, படத்தில் அவன் இல்லை பார் என்று அதையே சாட்சியாக வைக்கிறார்கள். இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

என் விரல்கள் நிற்கவில்லை. டைப்ரைட்டர் மணி அடித்தது, அடுத்த வரிக்குத் தள்ளினேன்.

அறிக்கையில் தொழிலாளியின் கையெழுத்து வேண்டும். நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கட்டுப் போட்ட கையை மார்பின் மேல் வைத்துப் பர்னபாஸ் படுத்திருந்தார். பக்கத்தில் பிளாரன்ஸ் பனை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் இருக்கு, தமிழில் சொல்லுகிறேன் என்று நான் வரிவரியாக வாசித்தேன். அந்த வரி வந்தது. இருமினேன். இருமிவிட்டு அதற்கு அடுத்த வரியை வாசித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய சார்," என்றார் பர்னபாஸ். பேனாவை இடது கையில் வாங்கி, எறும்பு ஊர்ந்த மாதிரி தன் பெயரை எழுதினார். பிளாரன்ஸ் எனக்கு ஒரு தம்ளரில் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன்.

என் முதல் கதை அதுதான். எழுத்தில் எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதில்தான் கலை இருக்கிறது என்று திருநெல்வேலியில் இலக்கியக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். அந்தக் கலையை நான் ஆஸ்பத்திரி வார்டில் பயின்றவன் என்று அங்கே எழுந்து சொன்னதில்லை.

ஒரே மாதத்தில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பலகையை விட்டுவிட்டுப் போன ஆள் என்று பேச்சு கரை முழுக்கப் பரவிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஏறியவர்களே அவரைப் பார்த்தால் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். நாலு வருஷமாகப் பிளாரன்ஸ் கருவாட்டுக் கூடையோடு பக்கத்தில் உள்ள புதுக்கோட்டைச் சந்தைக்குப் போய்வருகிறாள். அவர் வீட்டில் வலை முடியப் பார்க்கிறார், இரண்டு விரலால் முடியவில்லை.

8

இப்போது புதுத் துறைமுகத்தில் ஏற்றுமதி ஆபீஸ் ஒன்று சுமை ஆட்களுக்கு ஒரு மேஸ்திரி தேடுகிறது. தூக்க வேண்டியதில்லை, நின்று பார்த்துச் சத்தம் கொடுக்க வேண்டும். பலகை எப்போது நகரும் என்று தெரிந்த ஆள் வேண்டும். கரையில் அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? பர்னபாஸ் போயிருக்கிறார். பழைய கம்பெனியிலிருந்து காகிதம் வரவழைத்திருக்கிறார்கள். ஏற்றுமதி ஆபீஸ் அதிகாரி நல்ல மனிதர்போல. அறிக்கையை முழுசாகத் தமிழில் வாசித்துக் காட்டி, 'உன் கையெழுத்தே இருக்கேப்பா' என்றிருக்கிறார். நாலு வருஷம் கழித்து அந்த வரி அன்றைக்குத்தான் பர்னபாசின் காதில் விழுந்தது. 'நேரில் பார்த்தவர் யாராவது எழுதிக் கொடுத்தால் திங்கட்கிழமை யோசிக்கலாம்' என்றும் சொல்லியிருக்கிறார்.

என் வீட்டு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்துகொண்டு பர்னபாஸ் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வாசிக்கையில ஒரு இடத்துல இருமினிய சார். அந்த இடமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பர்னபாஸ், இது சாதாரண விஷயமில்லை, இதை ஒரு கதையாக எழுதி நாலு பேர் படிக்கும்படி பத்திரிகையில் போடுகிறேன்' என்று சொன்னேன். என் வாய்தான் அப்படிச் சொல்லிற்று.

பிளாரன்ஸ் அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். முன்னால் வந்தாள்.

"கதை எதுக்கு அண்ணாச்சி? கடுதாசி எழுதுங்க."

"எழுதுதேன், எழுதாம என்ன. ஆனா யோசிக்கணும்லா. செல்வதுரை சார்தான் இப்ப மேனேஜர்..."

"நீங்க யோசிங்க. அன்னைக்கு இவுக யோசிக்காமத்தான் கைய நீட்டுனாவ." பர்னபாஸ் "ஏளா, சும்மா இரி" என்றார். அவள் சும்மா இருக்கவில்லை. "ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு நேரா இங்கன வாரேன். எழுதி வைங்க. இல்லன்னா முடியாதுன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிருங்க. திரும்பவும் இரும மட்டும் செய்யாதிய."

9

முடிவுகள்.

முதல் முடிவு: விசாரணையில் நான் எழுந்து நின்று உண்மையை முழங்குகிறேன். செல்வதுரை தலை குனி— விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. எதில் எழுந்து நிற்க?

இரண்டாவது முடிவு: பர்னபாஸ் என் தோளில் கை வைத்து 'விடுங்க சார், நீங்க என்ன செய்விய' என்கிறார். என் கண்ணில் நீர்— இதை எழுதி முடித்துப் படித்தும் பார்த்தேன். சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வந்து தாளைக் கசக்கினேன். பாதிக்கப்பட்டவனே வந்து எழுதினவனுக்கு ஆறுதல் சொல்கிற கதைகளை எத்தனை படித்துவிட்டோம்! விரல்களை இழந்தவரிடமிருந்து மன்னிப்பையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மூன்றாவது முடிவு: செல்வதுரைக்கு ஏதாவது கேடு வருகிறது. வரவில்லை. போன மாதம் கன்னத்தில் சதை போட்டுக்கொண்டு கொடைக்கானல் போய்வந்தார்.

[முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்தேன். மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். அந்தப் புகைப்படம் இப்போது கண்ணாடி போட்டு மேனேஜர் அறையில் தொங்குகிறது. தொப்பியும் சிரிப்புமாகச் செல்வதுரை, வண்டி, பலகை. நாலு வருஷமாகத் தினமும் ஃபைலை வைக்க அந்த அறைக்குப் போகிறேன். புதன்கிழமைதான் கிட்டே போய்ப் பார்த்தேன். படத்தின் வலது ஓரத்தில், பலகையின் தலையை இறுக்கிப் பிடித்தபடி நாலு விரல் தெரிகிறது. ஆளை வெட்டிவிட்டார்கள், விரல் உள்ளே வந்துவிட்டது. இடத்தைவிட்டுப் போனவனின் விரல் அங்கே என்ன செய்கிறது? அவற்றில் மூன்று இன்று உலகத்தில் கிடையாது. அவற்றின் ஒரே படம் அது.]

10

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை. மாதா கோயிலில் பூசை முடிகிற மணி அடித்துக் கொஞ்ச நேரமாகிறது.

கடிதத்தை ஒருவழியாக எழுதிவிட்டேன். கதையைவிட வேகமாக முடிந்தது. முழுசாகத் தருகிறேன்:

'ஐயா, விபத்து நடந்தபோது நான் ஆறடி தூரத்தில் இருந்தேன். பர்னபாஸ் தானாக இறங்கவில்லை. போட்டோவுக்காக அதிகாரி செல்வதுரை அவரை இறங்கச் சொன்னார். பலகை நிற்காது என்று பர்னபாஸ் இரண்டு முறை தடுத்தும் கேட்கவில்லை. இறங்கிய பிறகும் அவர் பலகையின் பக்கத்தைவிட்டு அகலவில்லை. அறிக்கையோடு இணைத்துள்ள புகைப்படத்தின் வலது ஓரத்தைப் பார்க்கவும். பலகையைக் கட்டியிருக்க வேண்டும். அதைக் காட்டும் படத்தாள் பெட்டியோடு வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் ஃபைலில் வைத்தவன் நான். அறிக்கையை அவருக்கு வாசித்தபோது அவர் தானாக இறங்கினார் என்ற வரியை விட்டுவிட்டு வாசித்தவனும் நான்.'

எட்டு ஒன்பது வரிதான். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பேனாவில் மை இருக்கிறது, பார்த்தேன்.

கதைக்கு என் பெயரைப் போட எனக்குக் கொஞ்சமும் தயக்கம் வரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். தலைப்பை எழுதியதுமே அடியில் 'சங்கரபாண்டியன்' என்று சுழித்து எழுதிவிட்டேன். பதினாலு தாளுக்குப் போட்ட பெயரை ஒரு தாளுக்குப் போட முடியவில்லை. கதையில் செல்வதுரையை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கற்பனை என்று கைகழுவிவிடலாம். கடிதத்தில் முடியாது. அதனால்தான் அவள் கதை வேண்டாம் என்றாள். எழுத்தைப் பற்றி என்னைவிட அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்கிறது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பிளாரன்ஸ் வருகிறாள், பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு. பின்னால் பத்தடி தள்ளிப் பர்னபாஸ், வலது கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு. இனி அவள் கதவைத் தட்டுவாள். நான் திறப்பேன். "எழுதியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்பாள்.

இந்த இடத்தில் முடிவை வாசகரிடம் விட்டுவிட்டு எழுதுகிறவன் நழுவிக்கொள்வது வழக்கம். நானும் விடுகிறேன், சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. பேனா மேசை மேல் இருக்கிறது. கதவு அங்கே. எழுந்து போய் நீங்களே திறந்து பதில் சொல்லுங்கள், ஆமாம் என்றோ இல்லை என்றோ. எதுவானாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இருமாதீர்கள்.